புதிய விளையாட்டுக்கு மூன்று தவணை கொடுங்கள்

(பள்ளி ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)

 

ஜோகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறேன். பரிசளிப்பு விழா என்றால் பேச வருகிறவர் படிப்பைப் பற்றித்தான் பேசுவார் என்று பிள்ளைகள் பயந்துபோய் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. பயப்படாதீர்கள். இன்று நான் பேசப்போவது விளையாட்டைப் பற்றி. அதுவும் திடல் விளையாட்டு அல்ல. பாயை விரித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, நடுவே பலகையை வைத்து ஆடுகிற விளையாட்டு. இன்னும் ஒன்று: பேய் விளையாட்டைப் பற்றியும் பேசப்போகிறேன். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள், பார்த்தீர்களா!

பெற்றோர்களே, வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிள்ளை எங்கிருந்தோ ஒரு புது விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவருகிறான். எல்லோரும் சுற்றி உட்காருகிறோம். விதிப் புத்தகத்தைப் பிரித்து ஒருவர் படிக்கிறார். பத்து நிமிடம் ஆகிறது, இருபது நிமிடம் ஆகிறது, யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தட்டுத்தடுமாறி ஒரு முறை ஆடி முடிக்கிறோம். "என்னடா இது, தலையும் புரியல, வாலும் புரியல. நம்ம தாயத்துக்கு ஈடாகுமா?" என்று அப்பா எழுந்துவிடுகிறார். பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. பிள்ளை கைப்பேசியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகிறான். ஒரே ஒரு முறை ஆடிவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டோம். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். மற்ற காரியங்களுக்கு அது பொருந்தலாம். விளையாட்டுக்கு மட்டும் பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. கூட்டமாக நின்று புலியை மடக்கத்தான் தெரியும். புதிதாக ஆடுகிற பையனிடம் ஆட்டைக் கொடுங்கள். முதல் ஆட்டத்தில் தோற்பான். "ஆடு ஜெயிக்கவே முடியாதும்மா, இது கள்ள விளையாட்டு" என்பான். இரண்டாம் ஆட்டத்தில், தனியாக நிற்கிற ஆடுதான் வெட்டுப்படுகிறது என்று கண்டுபிடிப்பான். மூன்றாம் ஆட்டத்தில் ஒரு ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆட்டை முட்டுக்கொடுத்து வைப்பான். அன்றைக்குத்தான் அவன் உண்மையில் ஆடுபுலி ஆட்டம் ஆடத் தொடங்குகிறான். முதல் நாளே அவன் எழுந்து போயிருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர்கள் திண்ணையில் கோடு கிழித்து ஆடிய இந்த அருமையான விளையாட்டை "ஒன்றுக்கும் உதவாதது" என்றே சொல்லிக்கொண்டிருப்பான். ஒற்றுமையைப் பற்றிப் பத்துப் பிரசங்கம் சொல்லாததை இந்தப் பதினைந்து கல் சொல்லித்தரும். ஆனால் அதைச் சொல்ல அதற்கு மூன்று ஆட்டம் வேண்டும்.

இன்னொரு கதை கேளுங்கள். நம் பல்லாங்குழியும் மலாய்க்காரர்களின் சொங்காக்கும் பார்ப்பதற்கு அக்கா தங்கை மாதிரி. இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழி வைத்த பலகை உண்டு. ஆனால் சொங்காக் பலகையின் இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி இருக்கிறது. அதற்கு வீடு என்று பெயர். சுற்றிப் போடும்போது நம் வீட்டில் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். எதிராளி வீட்டில் போடக் கூடாது. பல்லாங்குழியில் கைதேர்ந்த பாட்டி ஒருவர் சொங்காக்கின் முன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நாலு சேர்ந்ததும் பசு என்று எடுக்கக் கை போகும். அந்த விதி இங்கே இல்லை. "இது தப்பாட்டம்" என்பார். தப்பாட்டம் அல்ல பாட்டி, அது வேறு ஆட்டம். புதியதைப் பழையதின் அளவுகோலால் அளந்தால் புதியது எப்போதும் குட்டையாகத்தான் தெரியும்.

நாம் ரொம்பப் பழையது என்று நினைக்கிற விளையாட்டும் ஒரு காலத்தில், ஒரு ஊரில், புத்தம் புதிதாகத்தான் இருந்தது. நம் பரமபதம் கடல் கடந்த கதை அதற்குச் சாட்சி. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க நம்மவர்கள் ஆடியது அது. எங்கள் ஊரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் மார்கழியில் சொர்க்கவாசல் திறக்கும்போது, வயதானவர்களுக்கு அந்தப் படம் ஞாபகம் வராமல் போகாது. ஏணி என்பது புண்ணியம், பாம்பு என்பது பாவம். அசுரர் பெயர் தாங்கிய பாம்புகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உச்சிக்கு அருகில் போனவனையும் ஒரு பாம்பு அடிமட்டத்துக்கு இழுத்துவிடும். 1890-களில் இது இங்கிலாந்துக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அங்குள்ள பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டு. மோட்சம் போய், நல்ல பிள்ளை, சோம்பேறிப் பிள்ளைப் படங்கள் வந்தன. அமெரிக்காவில் 1943-இல் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரத்தைப் போட்டது! பலகை மாறியது, பெயர் மாறியது, ஆனாலும் உலகம் முழுக்க ஆடுகிறார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாய் முதல் நாளே "இதென்ன இந்தியாக்காரன் விளையாட்டு" என்று தூக்கிப் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். எந்தப் புது விளையாட்டுக்கும் மூன்று தவணை கொடுங்கள். மூன்று நாள், மூன்று ஆட்டம். அதன் பிறகு பிடிக்கவில்லையென்றால் தாராளமாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மூன்று ஆட்டத்தையும் எப்படி ஆடுவது என்று சொல்கிறேன்.

முதலாவது, வீட்டில் ஒருவர் முன்கூட்டியே விதியைப் படித்துத் தனியாக ஒரு சுற்று ஆடிப் பார்த்துவிட வேண்டும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு புத்தகத்தைப் பிரிப்பது, விருந்தாளி வந்த பிறகு அரிசி ஊற வைப்பது போல. சிங்கப்பூரில் விளையாட்டுக்கென்றே காப்பிக் கடைகள் உண்டு. நேரத்துக்குக் காசு கொடுத்தால் அலமாரியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் எதையும் எடுத்து ஆடலாம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விதியைச் சொல்லித்தருவார்கள். புது விளையாட்டைக் கொல்வது முதல் அரைமணி நேரக் குழப்பம்தான் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் அந்த வேலையைச் செய்ய ஒரு அக்காவோ அண்ணனோ போதும்.

இரண்டாவது, முதல் ஆட்டத்தில் வெற்றி தோல்வி கிடையாது. சீட்டை மறைக்காமல் எல்லோரும் திறந்து வைத்து ஆடுங்கள். அது ஒத்திகை. இரண்டாம் ஆட்டம் பழக்கத்துக்கு. மூன்றாம் ஆட்டம்தான் பந்தயம்.

மூன்றாவது, ஆள் கணக்கைப் பாருங்கள். நாலு பேர் ஆடவேண்டியதை இரண்டு பேர் ஆடிவிட்டு "சப்பென்று இருக்கு" என்று சொல்வது நியாயமில்லை.

நான்காவது, மூன்றும் முடிந்ததும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: பிடித்ததா? பிடிக்கவில்லையென்றால் ஏன்? நேரம் நீண்டதா? தோற்றவன் சும்மா உட்கார வேண்டியிருந்ததா? பகடையே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டதா? காரணம் சொல்லத் தெரிந்துகொண்ட பிள்ளை, நாளைக்கு எந்த விஷயத்திலும் "பிடிக்கல" என்ற ஒரே வார்த்தையோடு நிற்காது.

இனிப் பேய்க்கு வருவோம். பிள்ளைகளுக்குப் பேய் என்றால் பயம். பயம் என்றாலும் ஆசை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரியவர்களும் அப்படித்தான். சீனர்களின் ஏழாம் மாதத்தில் எங்கள் ஊரில் கெத்தாய் பாட்டு மேடை போடுவார்கள். முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அது கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு. 1957-இல் கேத்தே கெரிஸ் நிறுவனம் சிங்கப்பூரில் எடுத்த 'பொந்தியானாக்' படத்துக்கு மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். 1989-இல் தொடங்கிய ரசல் லீயின் சிங்கப்பூர்ப் பேய்க்கதைப் புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் பைக்குள் மறைத்து வைத்துப் படித்தார்கள். உங்களுக்குத் தெரியாததா? நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால்மரக் காட்டுக்குள் நடந்தவர்களுக்குப் பயத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டுமா?

"அதெல்லாம் சரி, வீட்டுக்குள்ளே பேய் விளையாட்டு எதுக்குங்க? அபசகுனம்" என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். அம்மா, நம் பரமபதத்தில் பாவமும் தண்டனையும் இல்லையா? பழைய எகிப்தியர் ஆடிய செனட் என்ற முப்பது கட்ட விளையாட்டு, இறந்தவரின் உயிர் போகும் பாதையைக் குறிப்பதாகக் கருதப்பட்டது. 1922-இல் திறந்த துத்தன்காமன் அரசனின் கல்லறையில் அதன் பலகைகள் கிடைத்தன. மனிதன் பலகையில் கட்டம் கிழிக்கக் கற்ற நாளிலிருந்தே பயத்தையும் அந்தக் கட்டத்துக்குள் அடக்கி வைத்து ஆடியிருக்கிறான். கட்டத்துக்குள் அடங்கிய பயம் கடிக்காது.

ஆனால் அடங்காத ஒன்று உண்டு. பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். பள்ளி விடுதிகளில், காலி வகுப்பறைகளில், காகிதத்தில் எழுத்தை எழுதி, நடுவே காசை வைத்து, ஆளுக்கொரு விரலை அதன்மேல் வைத்து "ஆவியே வா" என்று கூப்பிடுகிற பழக்கம் நம் இரு நாட்டிலும் இருந்திருக்கிறது. இதன் பெரியண்ணன்தான் அமெரிக்காவில் 1891-இல் காப்புரிமை பெற்று விற்பனைக்கு வந்த ஒய்ஜா பலகை. காசு நகருமா என்றால், நகரும். யார் நகர்த்துகிறார்கள்? நாமேதான், நமக்கே தெரியாமல். இங்கிலாந்தில் மேசை தானாகச் சுற்றுகிறது என்று ஊரே பேசியபோது, 1853-இல் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி கைக்கும் மேசைக்கும் நடுவே நழுவும் அட்டைகளை வைத்துப் பார்த்தார். மேசை கையை இழுக்கவில்லை. கைதான் மேசையைத் தள்ளியது. தள்ளியவர்கள் பொய்க்காரர்கள் அல்லர். அவர்களுக்கே அது தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அதை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஆவி வந்துவிடும் என்பதற்காக அல்ல. அதற்கு விதி கிடையாது, முடிவு கிடையாது, வெற்றி கிடையாது. காசு "நீ சாவாய்" என்று காட்டினால், அந்தப் பிள்ளை இரவு முழுக்கத் தனியாக விழித்துக் கிடக்கும். சேர்ந்து பயந்து, சேர்ந்து சிரித்து, ஒரு மணி நேரத்தில் பெட்டியை மூடிவிட்டுத் தூங்கப் போனால் அது விளையாட்டு. ஒரு பிள்ளையைத் தனியாகப் பயத்தில் விட்டுவிட்டுப் போனால் அது விளையாட்டு அல்ல. பேய் விளையாட்டைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு அளவுகோல் போதும்.

இந்த அளவுகோலில் தேறிய சிலவற்றைச் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கு, ஜெர்மனியில் 2004-இல் சிறந்த குழந்தை விளையாட்டுப் பரிசு வாங்கிய 'கைஸ்டர்ட்ரெப்ப', அதாவது பேய்ப் படிக்கட்டு. பகடையில் பேய் விழுந்தால் ஒரு காயின் மேல் வெள்ளைப் பேய்க் கூட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எந்தப் பேய்க்குள் யார் காய் என்று யாருக்கும் தெரியாது. இங்கே பயத்தைவிடச் சிரிப்புதான் அதிகம். ஞாபகசக்தியில் குழந்தை பெரியவரைத் தோற்கடித்துவிடும்.

எட்டு வயதுக்கு மேல், 2014-இல் அதே பரிசை வாங்கிய பேய்வீட்டுப் புதையல் விளையாட்டு. எல்லோரும் ஒரே கட்சி. எட்டு ரத்தினங்களையும் பேய் வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். பேய்கள் பெருகிக்கொண்டே வரும். ஜெயித்தால் எல்லோரும் ஜெயிக்கிறோம், தோற்றால் எல்லோரும் தோற்கிறோம். தோல்வியைத் தாங்க முடியாமல் பலகையைத் தட்டிவிடுகிற பிள்ளைக்கு இது நல்ல மருந்து.

பத்து வயதுக்கு மேல் 'மிஸ்டீரியம்'. ஒருவர் பேய். அவர் வாய் திறக்கக் கூடாது. கனவுப் படங்களை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுப்பார். தன்னைக் கொன்றது யார், எங்கே, எதனால் என்று அந்தப் படங்களைக் கொண்டு மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பேசாத பேய், பேசித் தீர்க்கிற மனிதர்கள்! பெரியவர்களுக்கு, ஒருவன் நடுவில் கட்சி மாறுகிற பேய் மாளிகை விளையாட்டுகளும் இருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கு அவை ஆகாது.

"இதெல்லாம் காசுக்காரங்க விளையாட்டு. ஒரு பெட்டி ஐம்பது வெள்ளி, அறுபது வெள்ளிங்கறான். நாங்க எங்கே போறது?" நியாயமான கேள்வி. அதனால், காசே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அலெக்ஸ் ராண்டால்ஃப் என்பவர் 1982-இல் வெளியிட்டது. நாம் அதை 'நல்ல பேய், கெட்ட பேய்' என்று வைத்துக்கொள்வோம்.

அட்டையில் ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு கட்டம் போடுங்கள். ஆளுக்கு எட்டுப் போத்தல் மூடி. அடிப்பக்கம் நாலில் நீலப் புள்ளி, நாலில் சிவப்புப் புள்ளி. நீலம் நல்ல பேய், சிவப்பு கெட்ட பேய். மேலே எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆனால் எது யாருடையது என்று தெரிய, ஒருவர் மூடியைக் கவிழ்த்தும் மற்றவர் மூடிக்குள் காகிதத்தை ஒட்டி நிமிர்த்தியும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்துக் கடைசி இரண்டு வரிசையில், ஓரக் கட்டங்களை விட்டு, நடு எட்டுக் கட்டத்தில் இஷ்டம்போல் அடுக்குங்கள். முறைக்கு ஒரு காய், ஒரு கட்டம்; முன்னே, பின்னே, பக்கத்தில் போகலாம், மூலைவாட்டில் போகக் கூடாது. எதிராளி நிற்கும் கட்டத்துக்குப் போனால் அதை வெட்டிப் புள்ளியைப் பார்க்கலாம். வெற்றிக்கு மூன்று வழி: எதிராளியின் நாலு நல்ல பேயையும் பிடித்தால் வெற்றி. உங்கள் நாலு கெட்ட பேயையும் எதிராளி பிடித்துவிட்டால் அதுவும் உங்களுக்கே வெற்றி! உங்கள் நல்ல பேய் ஒன்று எதிராளி பக்கத்து மூலைக் கட்டத்தை அடைந்து, அடுத்த முறையில் அங்கிருந்து வெளியேறினாலும் வெற்றி. ஆகவே கெட்ட பேயை நல்ல பேய் மாதிரி நடத்திக் காட்ட வேண்டும். எதிராளியின் கையைப் பார்த்தால் பயனில்லை. முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்து ஆடும் விளையாட்டு வீட்டில் குறைந்துவிட்ட காலம் இது.

கடைசியாக, என் மனத்தை அழுத்துகிற ஒன்று. சிங்கப்பூரில் தமிழ்வழியில் பாடம் நடத்திய கடைசிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. தமிழ் எங்களுக்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியில் பாடமாகவும் இருக்கிறது. ஆனால் வீட்டில்? 2010 கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகப் பேசுவது தமிழ் என்றவர்கள் நூற்றுக்கு 3.3 பேர்; 2020-இல் 2.5 பேர். மொழி வகுப்பறையில் தேர்வு எழுதலாம்; வாழ்வது வீட்டில்தான். தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்புகிற குடும்பத்தில், ஆளுக்கொரு திரையைப் பார்த்தால் எந்த மொழியும் வேண்டியதில்லை. பலகை முன் உட்கார்ந்தால் பேசியே ஆக வேண்டும். "உன் முறை", "வெட்டிட்டேன்", "ஏமாத்தாதே", "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்ப்பா!" இவையெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லாத உயிருள்ள தமிழ். பெட்டியின் விதி ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதைப் பாட்டிக்குத் தமிழில் விளக்குகிற பேரன், தனக்குத் தெரியாமலே மொழிபெயர்ப்பாளன் ஆகிறான். உங்களுக்குத் தமிழ்ப் பள்ளி இன்னும் இருக்கிறது. அதற்குத் துணையாகத் தமிழ்ப் பாயும் ஒன்று விரித்து வையுங்கள்.

பெற்றோர்களே, இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமாரப் பாராட்டுகிறேன். பரிசு வாங்காத பிள்ளைகள் அவர்களைவிட அதிகம். ஒரே தேர்வை வைத்து, ஒரே ஆண்டை வைத்து, "இவன் அவ்வளவுதான்" என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடாதீர்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற ஆட்டுக்காரப் பையன் மூன்றாம் ஆட்டத்தில் புலியை மடக்கியதைச் சொன்னேன் அல்லவா? விளையாட்டுக்கே மூன்று தவணை கேட்கிறேன். பிள்ளைக்கு எத்தனை தவணை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.